இரண்டை அணைத்தால் ஒன்று குறையும்

அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தும் அந்த அம்மாளுக்கு, பட்டறையில் மனக்கணக்கம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும்; தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு பெருமையும் உண்டு. ஒரு தாள் அட்டையில் எத்தனை பெட்டி வரும், ஒரு பெட்டிக்கு எத்தனை கம்பிப் பின் வேண்டும், ஒரு லாரியில் எத்தனை அடுக்கு ஏறும் என்று யாராவது கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் விடை வந்துவிடும். மேசைமேல் கால்குலேட்டர் ஒன்று இருந்தது, காகிதம் பறக்காமலிருக்க.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. தலைக்கு மேல் தகரம், சுற்றிலும் திறந்த வெளி. ஒரு பக்கம் பக்கத்து மனையின் மதில். அந்த மதிலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, அட்டையில் கம்பிப் பின் அடிக்கும் மெஷின்கள் பத்து, மதிலைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. பத்தும் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவை. காலையில் அவை வாயைத் திறந்தால் மாலை வரை மூடாது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு குழந்தைகள் காப்பகம் வந்தது. காப்பகத்துக்காரி நல்ல மாதிரி. மூன்று தடவை மதில்மேல் எட்டிப்பார்த்து, "அக்கா, பிள்ளைங்க மதியம் தூங்குற நேரம் மட்டும்..." என்று ஆரம்பித்தாள். மூன்று தடவையும் மெஷின் சத்தத்தில் அவள் பேசியது அம்மாளின் காதில் விழவில்லை. நான்காவது தடவை அவள் எட்டிப்பார்க்கவில்லை. புகார் எழுதிப் போட்டுவிட்டாள்.

அப்படித்தான் சத்தம் அளக்கும் அதிகாரி வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மதிலோரம் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் கருவியை வைத்து, பார்த்து, எழுதினார்.

"எழுபத்தஞ்சு டெசிபல். அறுபத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது."

அவ்வளவுதானா என்று அம்மாளுக்கு நிம்மதியாகிவிட்டது. "பத்து மெஷினுக்கு எழுபத்தஞ்சுன்னா, ஒரு மெஷினுக்கு ஏழரை."

"சரியாத்தான் சொல்றீங்க, ஏழரைதான்," என்றான் கடைசி மெஷினில் நின்றவன். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன்.

அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "ரெண்டு மெஷினை நிறுத்திட்டா பதினஞ்சு போயிடும். மிச்சம் அறுபது. நீங்க கேட்டதுக்கு மேலயே அஞ்சு குறைச்சுத் தர்றேன், வச்சுக்கோங்க."

அதிகாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கையைத் தூக்கிக் காட்ட, இரண்டு மெஷின்கள் நின்றுவிட்டன. எல்லாரும் கருவியைப் பார்த்தார்கள்.

எழுபத்து நான்கு.

"உங்க மெஷின் ரிப்பேர்," என்றாள் அம்மாள்.

அதிகாரி கருவியைத் திருப்பிக் காட்டினார். அவள் இன்னும் மூன்றை நிறுத்தச் சொன்னாள். பாதிப் பட்டறை அடங்கிப்போனது. கருவி யோசித்துப் பார்த்து எழுபத்திரண்டு என்றது.

ஐந்து மெஷின் போயும் மூன்றுதான் குறைந்தது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. கருவியில் இல்லையென்றால் கணக்கில். தன் கணக்கில் ஓட்டை என்பதை அவள் மனம் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளுமா? அதிகாரி ஒரு தாளைக் கிழித்து அதில் ஒரு வரி எழுதி மேசையில் வைத்தார். "ஒரு வாரம் டைம். இதுதான் கணக்கு," என்று சொல்லிவிட்டு முக்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

தாளில் கொஞ்சம் எண், கொஞ்சம் எழுத்து, நடுவில் 'log' என்று மூன்று எழுத்து. அதைப் பார்த்ததும் அம்மாள் தாளைக் கவிழ்த்து, மேலே கால்குலேட்டரை வைத்தாள். ஏனென்றால் அந்த மூன்று எழுத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய தம்பி பொண்டாட்டி.

தம்பி பொண்டாட்டி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினோரு வருஷத்துக்கு முன்பு கல்யாணமாகி வந்தபோது, அவள் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஒரு ஒல்லிப் புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாக எண்கள், வேறு ஒரு வார்த்தை இல்லை. லாக் டேபிள். "இது என்ன, ரயில் டைம்டேபிளா? எங்க தம்பியை விட்டுட்டுப் போறதுக்கு இப்பவே வண்டி பாத்துட்டு வந்திருக்கியா?" என்று அன்றைக்கு இந்த அம்மாள் கேட்டாள். வீடே சிரித்தது. புதுப்பெண்ணும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேலி அன்றோடு நிற்கவில்லை. குடும்பம் கூடும்போதெல்லாம், "டீச்சரம்மா, அந்த லாக் எதுக்கும்மா ஆகும்? அதை வச்சுக் கதவைப் பூட்டலாமா?" என்று பதினோரு வருஷமாகத் தொடர்ந்தது.

இப்போது அந்த வாசலுக்கே போய் நிற்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மாலை தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

தம்பிதான் கதவைத் திறந்தான். அக்காவின் முகத்தையும் அவள் கையிலிருந்த பழப் பையையும் பார்த்தான். அக்கா பழம் வாங்கி வந்தால் காரியம் பெரியது என்று அவனுக்குத் தெரியும். "நான் காபி போடுறேன்," என்று உள்ளே போனவன் வெளியே வரவேயில்லை.

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். புருஷனின் அக்காவை அவள் அண்ணி என்று கூப்பிடுவாள். "வாங்க அண்ணி. என்ன திடீர்னு?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"சும்மா வந்தவங்க இடுப்புல என்ன தாள்?"

வேறு வழியில்லாமல் தாள் வெளியே வந்தது. டீச்சர் அதைப் பிரித்துப் பார்த்தாள். அவள் உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. பதினோரு வருஷம் காத்திருந்த ஆள் இல்லையா, அவசரப்படவில்லை.

"இது ரயில் டைம்டேபிள் சமாச்சாரமாச்சே அண்ணி. எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி சரி. சொல்லணும்னு நெனச்சதெல்லாம் சொல்லி முடி. அப்புறம் கணக்கைச் சொல்லு."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். லாக்கை வச்சுக் கதவு பூட்டலாமான்னு கேட்டீங்களே, இப்ப அதை வச்சுப் பட்டறையையே பூட்டப் பாக்குறாங்க போல. அது மட்டும்தான் தோணுச்சு."

அம்மாள் பழத்தை எடுத்து மேசைமேல் அடுக்க ஆரம்பித்தாள். சங்கடம் வந்தால் அவள் கை எதையாவது அடுக்கும். டீச்சருக்கு மனம் இளகிவிட்டது. ஒரு பழுப்புத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"மடக்கைன்னுதான் இதுக்குத் தமிழ்ல பேரு. உங்க தொழில்தான் அண்ணி. மடக்குங்க பாப்போம்."

அம்மாள் மடக்கினாள். அட்டையிலேயே பிறந்து வளர்ந்த கை. விளிம்போடு விளிம்பு மயிரிழை பிசகவில்லை. ஒரு மடக்கு, இரண்டு தாள். இரண்டு மடக்கு, நான்கு. மூன்றுக்கு எட்டு. நான்கு மடக்குக்குப் பதினாறு.

"பதினாறு தாள் ஆச்சு. எத்தனை தடவை மடக்கினீங்க?"

"நாலு."

"இவ்வளவுதான் லாக். ரெண்டு ரெண்டாப் பெருக்கிப் போறப்போ, பதினாறுக்கு லாக் நாலு. எவ்வளவு ஆச்சுன்னு நீங்க கேப்பீங்க. எத்தனை தடவைன்னு நான் கேப்பேன். இன்னும் ஒரு தடவை மடக்குங்க."

"முப்பத்திரண்டு."

"தாள் பதினாறு கூடிச்சு. மடக்கு?"

"ஒண்ணு." அவள் கை நின்றது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், இரு. அப்ப அந்த ஆளோட கருவி தாளை எண்ணலையா? மடக்கைத்தான் எண்ணுதா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நாற்பது மாணவிகளுக்கு இரண்டு வாரம் சொல்லியும் இறங்காத விஷயம் இது. "ஆமா அண்ணி. ஆனா அது ரெண்டு ரெண்டா இல்ல, பத்து பத்தாப் பெருக்கும். சத்தம் பத்து மடங்கு கூடினா அது ஒரு மடக்கு. ஒரு மடக்குக்குப் பத்து டெசிபல்னு எழுதிக்கும். நம்ம காதுக்குக் கேக்குற சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். அத்தனையையும் எழுத முடியாதுன்னுதான் இப்படி."

"ஒரு மெஷின் ஓடினா?"

"நீங்களே சொல்லுங்க."

"பத்து மெஷினுக்கு எழுபத்தஞ்சு. ஒரு மெஷின்னா பத்துல ஒரு பங்கு. ஒரு மடக்கு குறையும். அறுபத்தஞ்சு." சொல்லிவிட்டு அவளுக்கே முகம் வெளுத்தது. "அப்ப, அறுபத்தஞ்சுக்கு வரணும்னா ஒன்பது மெஷினை நிறுத்தணுமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"மிச்சம் ஓடுற ஒரு மெஷின் யாரோட பேசும்?"

நம்பவில்லை அவள். மறுநாள் காலை டீச்சரின் போனை இரவல் வாங்கி, சத்தம் காட்டும் செயலி ஒன்றை அதில் இறக்கச் சொல்லி, பட்டறையில் ஒன்பது மெஷின்களை நிறுத்திப் பார்த்தாள். பத்தும் ஓடியபோது எழுபத்து நான்கு காட்டிய போன், ரேடியோவின் ஒற்றை மெஷினுக்கு அறுபத்து நான்கு காட்டியது. அச்சடித்த மாதிரி பத்து. போன் அதிகாரியின் கருவியைவிட ஒன்று குறைத்துச் சொல்கிறது, ஆனால் வித்தியாசத்தில் பொய் சொல்லவில்லை. வேலையாட்கள் எல்லாரும் உட்கார்ந்து வெற்றிலைப் பொட்டலம் பிரிக்க ஆரம்பித்தார்கள். "அம்மா, இந்தக் கணக்கு நல்ல கணக்கா இருக்கே. தினமும் போடலாமே," என்றான் ரேடியோ, அவன் ஒருவன்தான் வேலை செய்துகொண்டிருந்தாலும்.

அன்று மாலை அவள் தயங்காமல் தம்பி வீட்டுக்குப் போனாள். பழம் இல்லை, நோட்டுப்புத்தகம் இருந்தது. "மெஷினை நிறுத்தாம சத்தத்தைக் குறைக்க வழி இருக்கா? அதுக்கு இந்தக் கணக்கை நானே போடணும். சொல்லிக் கொடு."

டீச்சருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அடிமானம், அதாவது பெருக்கிக்கொண்டே போகும் எண், பத்து என்றால் பத்துக்கு லாக் ஒன்று, நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று என்று தொடங்கினாள். இரண்டு எண்ணைப் பெருக்கினால் அவற்றின் லாக்கைக் கூட்ட வேண்டும். தாளை மூன்று தடவை மடக்கி மேலும் இரண்டு தடவை மடக்கினால் ஐந்து மடக்கு ஆவது போல. அம்மாள் தலையாட்டினாள். அப்புறம் டீச்சர் ஒரு சமன்பாட்டை எழுதிக் கொடுத்தாள்: ஒரு எண்ணின் லாக்கையும், அதைவிட மூன்று குறைவான எண்ணின் லாக்கையும் கூட்டினால் ஒன்று வருகிறது. அந்த எண் எது?

"லாக்கைக் கூட்டினா எண்ணைப் பெருக்கின மாதிரி. பெருக்கினா பத்து. ரெண்டுக்கும் வித்தியாசம் மூணு. அஞ்சும் ரெண்டும். அஞ்சு." டீச்சர் பேனாவை மூடக்கூட இல்லை, விடை வந்துவிட்டது. அதோடு விட்டாளா? "இன்னொண்ணும் இருக்கு. மைனஸ் ரெண்டு. அதுல மூணு போனா மைனஸ் அஞ்சு. பெருக்கினா அதுவும் பத்து." நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேட்டா ரெண்டு குடுப்பேன் நான்."

டீச்சர் இரண்டாவது விடையின் மேல் நிதானமாக ஒரு கோடு போட்டாள்.

"ஏன் அடிக்கிறே? சரியாத்தானே வந்திருக்கு."

"பத்தை எத்தனை தடவை பெருக்கினா மைனஸ் ரெண்டு வரும் அண்ணி?"

அம்மாள் யோசித்தாள். பத்தை ஏறுமுகமாகப் பெருக்கினாள், எண்கள் வளர்ந்தன. இறங்குமுகமாக வகுத்தாள், பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. சிறுத்துச் சிறுத்துப் போயிற்றே தவிர பூஜ்யத்தைக்கூடத் தொடவில்லை. "வராது."

"அப்ப அதுக்கு லாக்கே கிடையாது. வழியில வந்து சேந்துக்கிட்ட ஆள். கணக்குல வந்ததெல்லாம் விடை ஆயிடாது. கேள்விகிட்ட திருப்பிக் கூட்டிட்டுப் போய் விடணும். அது உள்ள சேத்துக்கிட்டாத்தான் விடை."

"பொண்ணு பாக்கப் போற மாதிரி."

"ஆமா. உங்க தம்பியையும் அப்படித்தான் கூட்டிட்டு வந்து காட்டினீங்க. எங்க வீட்ல ஏதோ தெரியாம சேத்துக்கிட்டாங்க."

சமையலறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

மறுநாள் பட்டறையில் பழைய ரப்பர் பெல்ட்டுகளை வெட்டி, ஒவ்வொரு மெஷினின் காலுக்கடியிலும் இரண்டு அடுக்கு வைத்தார்கள். சத்தம் நான்கு குறைந்தது. இன்னும் ஆறு வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் நான்கில் ஒரு பங்காகும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். ஆகவே தூரத்தின் லாக்கைப் பத்தால் பெருக்கினால் போதாது, இருபதால் பெருக்க வேண்டும். மெஷின் இப்போது இருப்பது நான்காவது மீட்டரில். எந்த மீட்டருக்குத் தள்ளினால் ஆறு குறையும்? இருபதால் ஆறை வகுத்தால் புள்ளி மூன்று. எந்த எண்ணின் லாக் புள்ளி மூன்று என்று தெரிய வேண்டும். டீச்சர் அந்த ஒல்லிப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தாள். இரண்டுக்கு நேராக 3010 என்று இருந்தது. புள்ளி மூன்று பூஜ்யம் ஒன்று பூஜ்யம். ஆக இரண்டு மடங்கு. எட்டாவது மீட்டர்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு ரேடியோ மதிலிலிருந்து நடந்தான். எட்டாவது மீட்டர் வந்ததும் நின்றான். "அம்மா, இங்க உங்க மேசை இருக்கு."

மின்விசிறிக்கு நேர் கீழே, காற்றும் வெளிச்சமும் வருகிற, பட்டறையிலேயே நல்ல இடம். பதினைந்து வருஷமாக அவள் உட்கார்ந்த இடம். அவள் திரும்ப மேசைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். ஏழாவது மீட்டருக்குக் கணக்குப் போட்டாள். ஏழை நான்கால் வகுத்தால் ஒன்றே முக்கால். அதன் லாக் புள்ளி இரண்டு நான்கு மூன்று. இருபதால் பெருக்கினால் ஐந்துகூட முழுசாக வரவில்லை. ஏழரைக்கும் போட்டுப் பார்த்தாள், ஆறுக்கு இன்னும் அரைக்குக் கொஞ்சம் மேலே குறைந்தது. மனிதர்களிடம் பேரம் பேசி ஜெயித்தவள் அவள். இந்தப் புத்தகம் இம்மி அசையவில்லை.

"மேசையைத் தூக்குங்கப்பா," என்றாள் கடைசியில்.

மேசைக்கு இருந்த ஒரே இடம் மதிலோரம்தான்.

வாரம் முடிந்து அதிகாரி வந்தார். முக்காலியில் கருவி ஏறியது, பத்து மெஷின்களும் ஓடின. அறுபத்தாறு. அம்மாளுக்குப் பகீரென்றது. கணக்கை மனதுக்குள் மறுபடி ஓட்டினாள், அதில் பிசகில்லை. அப்போது தலைக்கு மேல் ஒரு தகரம் தடதடவென்று தாளம் போடுவது காதில் விழுந்தது. ரேடியோ ஏணி போட்டு ஏறி, ஆணி கழன்ற ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தான். அறுபத்தைந்து.

"அதையும் ஆணி அடிச்சிடுங்க," என்றார் அதிகாரி. "அவர் தினமும் அங்க நிக்க முடியாது."

அம்மாள் அவரை உட்காரவைத்து, லாக் என்றால் என்னவென்று தாள் மடக்கிக் காட்டி விளக்கினாள். பதினாறு தாள், நான்கு மடக்கு, மைனஸுக்கு லாக் கிடையாது என்பது வரைக்கும். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதை அன்னைக்கே நீங்க எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைச் சொன்னார். "நீங்க கணக்கை முடிச்சிட்டீங்க."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் தம்பியும் சாப்பிட வந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் கேலிக்கு வழக்கமாக வரும் இடம் வந்தது. தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்கா டீச்சரின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். டீச்சருக்குத்தான் என்னவோ போலிருந்தது. "என்ன அண்ணி, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையா? சோறு இறங்க மாட்டேங்குது எனக்கு."

"கேக்குறதுக்கு இருக்கு. சாப்பிட்டு முடி. அந்தப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல வேற ஒரு பட்டியல் இருக்கே, அது என்னன்னு சொல்லணும்."

மதிலோரத்து மேசைக்கு அவள் மெல்லப் பழகினாள். காற்று குறைவுதான். மெஷின் சத்தம் இப்போது தூரத்தில் கேட்டது. அதற்குப் பதிலாக மதிலுக்கு அப்பாலிருந்து காப்பகம் முழுவதும் அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. எந்தப் பிள்ளை பல் முளைத்து அழுகிறது, எது அம்மாவைத் தேடி அழுகிறது, எது பக்கத்தில் இருப்பது அழுகிறதே என்று துணைக்கு அழுகிறது என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. தன் போனிலும் அந்தச் செயலியை இறக்கி வைத்திருந்தாள். ஒரு பிள்ளை அழுதால் எழுபது காட்டும்.

ஒரு நாள் மதியம் பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் திடீரென்று கச்சேரி களைகட்டியது. அம்மாள் போனைத் தூக்கிப் பிடித்தாள். எழுபத்தேழு. ஏழு கூடியிருக்கிறது. பத்தால் வகுத்தால் புள்ளி ஏழு. எந்த எண்ணின் லாக் புள்ளி ஏழு? புத்தகத்தை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது. இரண்டுக்குப் புள்ளி மூன்று. பத்துக்கு ஒன்று. பத்தை இரண்டால் வகுத்தால் ஐந்து; லாக்கில் ஒன்றிலிருந்து புள்ளி மூன்று போனால் புள்ளி ஏழு.

நாற்காலியில் ஏறி நின்று மதில்மேல் எட்டிப்பார்த்துக் கூப்பிட்டாள். "ஏம்மா, அங்க அஞ்சு பேரா அழுறாங்க?"

காப்பகத்துக்காரி இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தாழ்வாரத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே திரும்பி எண்ணிப் பார்த்தாள்.

"நாலு பேர்தான் அக்கா."

அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "நல்லா எண்ணு. கணக்கு அஞ்சுன்னு சொல்லுது."

காப்பகத்துக்காரி தோளில் இருந்ததைத் தட்டிக்கொடுத்தபடி ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "நாலு பேர் அழுறாங்க. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரர். தூங்கவைக்கிறேன்னு பாட்டுப் பாடுறார்."

அம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, ஐந்து என்று எழுதி, பக்கத்தில் 'சரி' என்று டீச்சர் மாதிரியே ஒரு குறி போட்டுக்கொண்டாள்.